கோச்சி ஐயாவின் மூக்கு

லிந்துலையிலிருந்து நுவரெலியா வரைக்கும் உள்ள அத்தனை தோட்டங்களிலும் தேயிலை தயாரிப்பைக் கவனிக்கிற எங்கள் டீமேக்கரைவிட அதிகமாகப் புகை விட்டது ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் தேயிலை ஃபெக்டரியின் புகைபோக்கி. அதுகூட ஞாயிற்றுக்கிழமையில் ஓய்வெடுக்கும். டீமேக்கர் ஓய்வெடுத்து நான் பார்த்ததில்லை.

ஆபீஸ் பதிவேட்டில் அவருக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் இருந்தது. அதைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஏனென்றால் நான் அந்த ஃபெக்டரியின் கிளாக்கர். மற்ற எல்லோருக்கும் அவர் கோச்சி ஐயா. எங்கள் பக்கத்தில் ரயிலைக் கோச்சி என்போம். காலையில் அவர் குவாட்டர்ஸிலிருந்து ஃபெக்டரிக்கு மேடேறி வரும்போது தேயிலைச் செடிகளுக்கு மேலே முதலில் புகை தெரியும், பிறகு இருமல் கேட்கும், கடைசியாகத்தான் ஆள் வருவார். பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற பெண்கள், "கோச்சி பட்டிப்பொல ஸ்டேஷன் தாண்டிருச்சு, கூடைய எடுங்கடி" என்பார்கள்.

இத்தனை புகை விட்ட மனிதர், ஃபெக்டரிக்குள் ஒரு தீக்குச்சி வாசனையைக்கூட அனுமதிக்காதவர் என்பதுதான் வேடிக்கை. தேயிலைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் அதை உறிஞ்சி மடியில் முடிந்துகொள்ளும். சோப்பு வாசனையோ மீன் வாசனையோ பட்டால் போச்சு, கொழும்பில் தேநீர் ருசி பார்க்கிறவர்கள் ஒரு மிடறிலேயே பிடித்துவிடுவார்கள். அதனால் கோச்சி ஐயா தினமும் ஃபெக்டரி வாசலில் நின்று, வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அங்கே வாசனையைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும்.

"அன்னம், தலையில என்னா?"

"மல்லியப்பூங்கய்யா. தங்கச்சிக்கு இன்னைக்குப் பரிசம் போடுறாங்க."

"பரிசம் தங்கச்சிக்கா, தேயிலைக்கா? கழட்டி வெளிய வச்சுட்டு வா."

தோட்டத்து மேனேஜர் பெரிய துரையின் மனைவி ஒருநாள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு ஃபெக்டரி பார்க்க வந்தார். அந்த அம்மையார் பூசியிருந்த சென்ட் அரை மைலுக்கு வீசியது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கோச்சி ஐயா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "நோனா உள்ளே வந்தால் தேயிலைக்குப் பொறாமை வந்துவிடும்" என்றார். நோனா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, விருந்தாளிகளோடு வெளியே நின்றபடியே எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார்.

அப்படியானால் அவர் புகை மட்டும்? அதற்குத்தான் புகைச் சட்டை இருந்தது. ஃபெக்டரிக்கு வெளியே, கொய்யா மரத்தில் ஓர் ஆணியில் அந்தப் பழைய காக்கிச் சட்டை தொங்கும். ஊதவேண்டும் என்று தோன்றினால் வேலைச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் புகைச் சட்டையை மாட்டிக்கொள்வார். ஊதி முடித்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் போடுவார். வாயில் பச்சைத் தேயிலைக் கொழுந்தை ஒரு பிடி போட்டு மென்று துப்புவார். கையையும் கொழுந்தாலேயே தேய்த்துக் கழுவுவார். பிறகு காற்றில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு உள்ளே போவார். ஒரு நாளைக்கு இருபது தடவை இந்தப் பூஜை நடக்கும். ஃபெக்டரியில் எந்த யந்திரத்தையும்விட அதிகம் வேலை செய்தது அந்தச் சட்டைதான் என்று நான் சொல்வதுண்டு. அவர் ஊதுகிறபோது பேச்சுத்துணைக்குப் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில், அந்தப் புகையில் பாதியைச் சும்மாவே இழுத்தவன் நான்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் அப்போது ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருந்தார். மெலிந்த மனிதர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பதைவிடப் புத்திமதி கொடுப்பதில் தாராளம். இவருக்கும் கோச்சி ஐயாவுக்கும் பதினைந்து வருஷமாக ஒரே வழக்கு. மாதம் ஒருமுறை கோச்சி ஐயாவைப் பிடித்து உட்காரவைத்து நெஞ்சில் குழாயை வைப்பார்.

"உங்கட நெஞ்சுக்குள்ள விசில் அடிக்குது, தெரியுமோ?"

"ஃபெக்டரிக்காரன் நெஞ்சில விசில் அடிக்காம, பின்ன கோயில் மணியா அடிக்கும்?"

"பகிடி விடாதேங்கோ. மேல்மாடிக்கு ஏற உங்களுக்கு எத்தினை நிமிஷம் எடுக்குது?"

கோச்சி ஐயா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற மேல்மாடிக்கு நாற்பத்திரண்டு படி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதை ஒரே மூச்சில் ஏறியவர், பத்து வருஷம் கழித்து நடுவில் இரண்டு இடத்தில் நின்று, மரக்கைப்பிடி உறுதியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கத் தொடங்கினார். அந்தக் கைப்பிடியைப்போல் சோதிக்கப்பட்ட கைப்பிடி இலங்கையில் வேறு இருந்திருக்காது.

டிஸ்பென்சர் பதினைந்து வருஷமாகச் செய்ய முடியாததை மகள் புனிதா ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்தாள். புனிதா அவருக்கு ஒரே பிள்ளை. ஹட்டனில் பாலர் பாடசாலை டீச்சர். கணவருக்கு ஹட்டன் பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை. அவள் ஆறு மாதம் முழுகாமல் இருந்தபோது வந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். தொட்டில் கட்டக் கொக்கிகூட மாட்டி வைத்திருந்தார் கோச்சி ஐயா. மகள் வீட்டுக்குள் நுழைந்தாள். திரைச்சீலையை மோந்தாள், தலையணையை மோந்தாள், வெளியே வந்துவிட்டாள். மோந்து பார்ப்பது அந்தக் குடும்பத்துக் குணம்.

"அப்பா, நான் பிள்ளைப்பேறுக்கு இங்க வரலப்பா. ஹட்டன்லயே இருந்துக்கிறேன். அம்மாவ அனுப்பி வைங்க."

"ஊரு என்னா சொல்லும், புனிதா? பெத்தவன் வீடு இருக்கையில வாடகை ரூம்ல பிள்ளை பெத்தாளாம்னு பேசமாட்டாங்களா?"

"பேசட்டும்ப்பா. என் பிள்ளை ஒங்க பொகையில மூச்சு விடக் கத்துக்க வேணாம். நீங்க விட்டாச் சொல்லுங்க, வர்றேன்."

அவள் பஸ் ஏறிய பிறகு கோச்சி ஐயா அடுத்த வீட்டில் இருந்த என்னிடம் வந்தார். அன்று அவர் ஊதவில்லை. ஊத மறந்துபோயிருந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதுவரை கண்டதில்லை.

"கிளாக்கரே, அவ பொறந்தப்ப நான் தொட்டுத் தூக்கல. ஸ்டோருல சீசன் வேல, நிமிர நேரமில்ல. இந்தப் பிள்ளையயாச்சும் தூக்கணும்யா."

ஃபெக்டரியை ஸ்டோரு என்பது அவர்கள் காலத்து வழக்கம். அந்த ஸ்டோரு அவருக்கு எத்தனையோ கொடுத்திருந்தது. கைக்குழந்தையாக மகளைத் தூக்கிய ஞாபகத்தை மட்டும் கொடுக்கவில்லை.

விட்டுப் பார்த்தார். முதல் முறை முக்கால் நாள், இரண்டாம் முறை ஒரு பகல். மூன்றாம் முறை இருந்த சிகரெட் பெட்டியை மனைவியிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டு, பிறகு அந்த அம்மாளோடு சாவிக்குச் சண்டை பிடித்தார். இந்த நேரத்தில்தான் டுபாயில் டிரைவராக இருந்த அவர் மைத்துனர் லீவில் வந்தார். இவருக்கென்று ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்திருந்தார். உள்ளே சிகரெட் மாதிரியே ஒன்று. பற்றவைக்க வேண்டாம், பற்றரியில் ஓடும். இழுத்தால் நுனியில் சிவப்பு விளக்கு எரியும், வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வரும், பெப்பர்மின்ட் வாசனையோடு. இன்றைக்கு இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட அறிவார்கள். இரண்டாயிரமாம் ஆண்டுகளின் கடைசியில் எங்கள் தோட்டத்துக்கு அது சந்திரனிலிருந்து இறங்கியது மாதிரிதான்.

மூன்று நாள் தரிசனம் நடந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் வந்து பார்த்தார்கள். கோயில் பூசாரி வந்து, சாம்பல் வராதா என்று விசாரித்தார். கொழுந்து லொறி டிரைவர் பண்டா, "மேக்க மொகத ஐயே?" என்று சிங்களத்தில் இது என்ன என்று கேட்டு, ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்து, இதற்குப் பல்லே விளக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னார். கரண்ட் போனால்தான் தொல்லை. சார்ஜ் இறங்கிவிட்டால் கோச்சி ஐயா ஜெனரேட்டர் அறைக்கு ஓடுவார். மின்சாரம் தருகிற நோட்டன் பிரிட்ஜ் அணையில் தண்ணீர் குறைந்தால் இவருக்கு மூச்சு முட்டும் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

டிஸ்பென்சரிடம் தானே போய்க் காட்டினார். நானும் கூடப் போனேன். டிஸ்பென்சர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பொய் சொல்லக் கூடாது. இதில நெருப்பில்ல, தாரில்ல. சிகரெட் அளவுக்குக் கெடுதல் இராது எண்டுதான் நினைக்கிறன்."

"கேட்டீங்களா கிளாக்கரே? எழுதி வச்சுக்குங்க."

"பொறுங்கோ, முடிக்கேல்ல. நிக்கொட்டின் இதிலயும் இருக்கு. உங்களைக் கட்டிப்போட்டிருக்கிறதே அதுதான். நாடியைப் பாருங்கோ, எப்பிடி ஓடுது. வேற என்ன சாமான் கலந்திருக்கெண்டு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. செய்தவனுக்குத் தெரியுமோ எண்டே எனக்குச் சந்தேகம். மேல்மாடியில இருந்து விழுறதும் மூண்டாம் படியில இருந்து விழுறதும் ஒண்டில்லத்தான். ஆனா ஏன் ஐயா விழவேணும்?"

கோச்சி ஐயா காதில் முதல் பாதிதான் ஏறியது. ஒரு மாதத்தில் இருமல் உண்மையாகவே குறைந்தது. வீட்டுத் திரைச்சீலைகள் துவைக்கப்பட்டன, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. புனிதா வந்து மறுபடியும் எல்லாவற்றையும் மோந்து பார்த்தாள். வீட்டுக்குள் ஊதக்கூடாது, வெளியே மட்டும் என்ற நிபந்தனையோடு வந்து தங்கினாள். பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று கோச்சி ஐயா அதைத் தூக்கிக்கொண்டு நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன். முட்டைக் கூடையைப் பிடித்திருப்பவர் மாதிரி முழங்கையை விறைத்துக்கொண்டு, மூச்சே விடாமல் நின்றார். வந்த பெண்கள் எல்லோரும் குழந்தையின் உச்சந்தலையை மோந்து பார்த்து, பச்சப்பிள்ளை வாசம் மாதிரி வருமா என்றார்கள். இவரும் குனிந்து, தேயிலையை மோந்து பார்க்கிற அதே தோரணையில் மோந்துவிட்டு, "ஆமாமா, ஒண்ணாந்தரம்" என்றார்.

அந்த ஆவி யந்திரத்தில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருந்தது. சிகரெட்டுக்கு ஒரு முடிவு உண்டு, எரிந்து விரலைச் சுட்டுவிடும். இதற்கு முடிவே கிடையாது. கோச்சி ஐயா அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் இழுப்பு இழுத்தார். புகைதானே தேயிலைக்கு ஆகாது, இது புகை இல்லையே என்று ஒரு கணக்குப் போட்டார். புகைச் சட்டை கொய்யா மரத்திலேயே தொங்கி, சிலந்தி வலை கட்டியது. கொழுந்து மெல்லுவது நின்றது, பத்து நிமிஷம் காற்றில் நிற்பது நின்றது. நேராக ஃபெக்டரிக்குள் போய், அரைத்த கொழுந்தைப் பரப்பிப் பதத்துக்கு விடுகிற அறையில், மேசைமேல் கிடந்த இலைக்கு மேலேயே நின்று இழுத்து இழுத்து விட்டார். மல்லிகைப் பூவைக்கூட வாசலில் கழற்றி வைக்கச் சொன்ன அதே மனிதர் செய்த வேலை இது.

குழந்தைக்கு நாற்பது நாள் ஆனபோது கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், மரியாதையாக, நாலே வரி. தங்கள் தோட்டத்துத் தேயிலையில் பெப்பர்மின்ட் வாசனை இருக்கிறது, ஒரு சாம்பிளில் மட்டுமல்ல, மூன்றிலும் இருக்கிறது என்று எழுதியிருந்தது. பெரிய துரை ஆளனுப்பிக் கோச்சி ஐயாவை அழைத்தார். யார் செய்தது என்று கண்டுபிடிக்கவேண்டும் என்றார். கோச்சி ஐயா ஆவேசமாகத் திரும்பி வந்தார்.

ஃபெக்டரி ஆட்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினார். வாக்குமூலம் எழுத என்னை நோட்டுப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஒவ்வொருவரையும் மோந்தார். எஞ்சின் டிரைவரின் தலையை மோந்தார். வெற்றிலைப் பைகளைக் கொட்டச் சொன்னார். பல்லுவலிக்குக் கிராம்பு வைத்திருந்த ஒரு பாவப்பட்ட ஆளைப் பத்து நிமிஷம் குறுக்கு விசாரணை செய்தார். இடையிடையே சட்டைப் பையிலிருந்து யந்திரத்தை எடுத்து இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு இழுப்புக்கும் பெப்பர்மின்ட் எங்கள் எல்லோர் முகத்திலும் வந்து விழுந்தது. யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் உள்பட. டீமேக்கரையே குற்றவாளி என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும், அது எனக்கு இருக்கவில்லை.

வரிசையின் கடைசியில் அழகம்மா நின்றாள். பதம் பார்க்கிற அறையில் இருபது வருஷமாக வேலை செய்கிறவள், கோச்சி ஐயா வயதுதான் இருக்கும்.

"ஐயா, இவங்கள எல்லாம் போகச் சொல்லுங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஆட்கள் போனார்கள். நான் எழுந்தேன். கிளாக்கர் ஐயா இருக்கட்டும், அவரும் நம்ம ஆளுதான் என்றாள் அழகம்மா.

"ஐயா, அந்த வாசம் ஒங்ககிட்டருந்துதான் வருது. ஒங்க கையில இருக்கே, அதுதான்."

கோச்சி ஐயா கையைப் பார்த்தார். யந்திரத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார், ஆழமாக மோந்தார், பிறகு இன்னொரு முறை மோந்தார்.

"எனக்கு ஒண்ணும் வரலியே, அழகம்மா. வாயில குளுகுளுன்னு இருக்கும், அம்புட்டுத்தான்."

"ஒங்களுக்கு எதுவும் வர்றதில்லைங்கய்யா. ஏழெட்டு வருசமாச்சு. அது எங்களுக்குத் தெரியும்."

இலை பச்சை வாசனை போய்ப் பழவாசனை வருகிற அந்தச் சில நிமிஷத்தைப் பிடிப்பதுதான் டீமேக்கரின் வேலை. கோச்சி ஐயாவின் மூக்கைச் சிகரெட் எப்போதோ தின்று முடித்திருந்தது. அவருக்கே அது தெரியும். கடிகாரத்தையும் இலையின் நிறத்தையும் வைத்துச் சமாளித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாது என்று நம்பியிருந்தார். வாசலில் மோந்து பார்த்ததெல்லாம் வெறும் நடிப்பு. மல்லிகையைக் கண்ணால்தான் பிடித்திருக்கிறார்.

"மணியப் பாத்துத்தான எடுக்கச் சொன்னேன். ஒருநாளும் பதம் தவறலியே?"

"பதம் வந்ததும் நான் வெளக்குமாத்தால மேசைக் கால்ல ரெண்டு தட்டுத் தட்டுவேன்ல? அப்ப நீங்க வந்து குனிஞ்சு மோந்துட்டு, எடுன்னு சொல்லுவீங்க."

"அத நீ குப்ப தட்டுறேன்னுல்ல நெனச்சேன்."

"நெனச்சுக்கிட்டிருங்கன்னுதான் தட்டினேன். ஒங்க மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா தொரை வேற டீமேக்கரக் கொண்டாந்துருவாரு. வர்றவரு எப்பிடியோ. நீங்க ஏசுவீங்க, ஆனா பிள்ளைக்குக் காய்ச்சல்னா மொத ஆளா வீட்டுக்குப் போகச் சொல்லுவீங்க. நீங்களே இருங்கன்னு நாங்கதான் பேசிக்கிட்டோம்."

கோச்சி ஐயா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போய் டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்த்தினார். அந்தத் தோட்டத்தின் சரித்திரத்திலேயே ஓர் ஆள் தனக்குத்தானே குற்றப்பத்திரிகை எழுதியது அன்றுதான்.

"டீமேக்கருக்கு. நீர் பதம் பார்க்கும் அறையில் ஆவி விட்டுத் தேயிலையைக் கெடுத்தீர்."

"நீர்னா போடுறது? நீங்கள்னு போடுவோமே."

"குத்தவாளிக்கு என்னய்யா நீங்க? நீர்னே போடுங்க. மேலும் உமக்கு மூக்கு வேலை செய்யாததை மறைத்தீர். இனிமேல் பதம் பார்க்கும் பொறுப்பை அழகம்மாவுக்கு எழுத்தில் கொடுக்கவேண்டும். அதுக்குக் கீழ கோடு போடுங்க."

கீழே அவரே கிடைக்கப்பெற்றேன் என்று கையெழுத்துப் போட்டுப் பெரிய துரையிடம் கொண்டுபோனார். துரை இரண்டு முறை படித்தார். சிரிப்பதா ஏசுவதா என்று அவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் அழகம்மா விஷயத்துக்குச் சம்மதித்துவிட்டுக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். வேலை தப்பியது.

வீட்டில்தான் தப்பவில்லை. தோட்டத்தில் செய்தி மனிதரைவிட வேகமாக நடக்கும். நாங்கள் போனபோது புனிதா துணிப் பையைக் கட்டி முடித்திருந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. நாலு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். டிஸ்பென்சரும் செய்தி கேட்டு வந்து வாசலில் நின்றிருந்தார்.

"புனிதா, சிகரெட்ட விட இது எவ்வளவோ மேலுன்னு டிஸ்பென்சர் ஐயாவே சொன்னாரு. கேட்டுப் பாரு."

"மேலாவே இருக்கட்டும்ப்பா. தேயிலைக்கே ஆகாதது என் பிள்ளைக்கு ஆகுமா?"

டிஸ்பென்சர் பதினைந்து வருஷம் பேசியதை அவள் ஒரே வரியில் பேசிவிட்டாள். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். கோச்சி ஐயா வாசற்படியில் உட்கார்ந்தார். பேசியது மகளிடம் இல்லை, டிஸ்பென்சரிடம்.

"சிகரெட்டு என் மூக்கத் தின்னுச்சு. அது தின்னு முடிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியல. இது எதத் தின்னும்னு ஒங்களுக்கும் தெரியாதுங்கிறீங்க. தெரியிற வரைக்கும் நான் இழுத்துக்கிட்டே இருக்கணுமாக்கும்."

யந்திரத்தை அவர் கையில் கொடுத்தார். டிஸ்பென்சர் அதை மறுநாளே ஒரு போத்தலில் போட்டு மூடி, டிஸ்பென்சரி அலமாரியில் நாடாப்புழு போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார். நோயாளிகள் புழுவைவிட்டு அதைத்தான் பார்த்தார்கள்.

அன்று கோச்சி ஐயா மகளிடம் மடங்கிப்போய்ச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பிள்ளையத் தூக்கினேன். எல்லாரும் வாசம் வாசம்னாங்க. நானும் ஆமான்னேன். எனக்கு ஒண்ணுமே வரல, தாயி."

புனிதா பையைக் கீழே வைத்தாள். அழுதுகொண்டேதான் கண்டிஷன் போட்டாள். "ஒரு மாசம் பாக்குறேன்ப்பா. ஒரு தடவ ஊதினாலும் நான் கெளம்பிருவேன்."

அந்த ஒரு மாதம் நாங்கள் எல்லோரும்தான் அவதிப்பட்டோம். வாசற்கதவு கிரீச்சிட்டால் கதவை ஏசினார். மழையை ஏசினார். என் மேசைக்கு வந்து என் பென்சிலை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பேச்சுக்கு நடுவே என் பேரேட்டின் மேல் இல்லாத சாம்பலைத் தட்டினார். நானும் மரியாதைக்கு அதை ஊதித் துடைத்தேன். டிஸ்பென்சர் காலையில் வந்து அவரோடு மேடேறி நடந்தார். வழக்கத்துக்கு விரோதமாகப் புத்திமதி சொல்லவில்லை, சும்மா கூட நடந்தார். ஒருநாள் முடியாமல் போய், கோச்சி ஐயா யாருக்கும் சொல்லாமல் லிந்துலைக்கு இறங்கி ஒரு கடை முதலாளியிடம் ஒரே ஒரு சிகரெட் கேட்டார். முதலாளிக்குப் பின்னால் தட்டு நிறையப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

"தீந்து போச்சுங்க ஐயா."

"பின்னால அடுக்கியிருக்கே, அது என்னா?"

"அது பொம்மப் பெட்டிங்க. அழகுக்கு வச்சிருக்கு."

அழகம்மா முந்தின வாரமே வந்து கடை கடையாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கோச்சி ஐயா லிந்துலையில் ஏழு கடை ஏறி இறங்கினார். ஊரிலேயே சிகரெட் பஞ்சம் என்று திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் பாதி, சிரிப்புப் பாதி. அதற்குப் பிறகு அவர் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒரு மாதம் முடிந்தது. புனிதா போகவில்லை. இன்னும் ஒரு மாதம் இருக்கிறேன் என்றாள், பிறகு இன்னும் ஒன்று. போன மூக்கு வருமா என்று டிஸ்பென்சரிடம் கேட்டதற்கு, வந்தாலும் வரும், கொஞ்சம் வரும், வராமலும் போகும், நான் பொய் சொல்லமாட்டன் என்றார். கோச்சி ஐயா தினமும் காலையில் குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். அதை என் வாசலிலிருந்து பார்க்க எனக்கு மனசு பொறுக்காது. காலையில் அந்தப் பக்கம் போவதையே குறைத்துக்கொண்டேன்.

நாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குளித்துப் புதுச் சாரம், அதாவது கைலி, கட்டிக்கொண்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கோச்சி ஐயா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நடந்து அல்ல, ஓடி. பின்னால் புனிதா, "அப்பா, கழுவிட்டுக் கொண்டு போங்கப்பா" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

"கிளாக்கரே, மோந்து பாருங்க. வாசம் வருதா, இல்லியா? நெசத்தச் சொல்லுங்க."

மோந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை. குழந்தை வயிறு நிறையப் பால் குடித்துவிட்டு, தன் வேலையை முதுகு வரைக்கும் முடித்திருந்தது.

"வருது ஐயா. நல்லாவே வருது."

"எனக்கும் வருதுய்யா. அடுப்படியில இருந்தேன், மொதல்ல எனக்குத்தான் தெரிஞ்சுச்சு. புனிதாவுக்கு முந்தி எனக்குத்தான் தெரிஞ்சுச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிக்கிறபோதே அழுதுவிட்டார். அந்த நாறுகிற குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஊரிலே இல்லாத அத்தர் மாதிரி திரும்பத் திரும்ப மோந்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், குழந்தையோடு சேர்த்துத்தான். புதுச் சாரம் நாசமாகிவிட்டது. அதற்காக இன்று வரைக்கும் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை.